சாகாத மீன்

போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. முகம் தெரிகிற மாதிரியே எடுங்கள். தலைக்கு மேலே அந்தப் பலகையும் விழட்டும். ‘இத்துறையில் மீன் பிடிக்கக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறதே, அதை எழுதினவனும் நான்தான். அதற்குக் கீழே தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறவனும் நான்தான்.

யாரிடம் கொண்டுபோய்க் காட்டினாலும் புதிதாக ஒன்றும் ஆகாது. ஊர்க்கூட்டம் போட்டு ஏசி முடித்துவிட்டார்கள். ஆனாலும் நீங்கள் கோபமாகப் படியிறங்கி வந்தீர்கள் பாருங்கள், அது எனக்குச் சந்தோஷம். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் கிடக்கிறது. அந்த ஓரத்தில் பாசி இல்லை, உட்காருங்கள். கையில் இருக்கிற பொரியை நீங்களே தின்றுவிடுங்கள். இங்கே போட்டால் ஒரு நாதியும் மேலே வந்து பார்க்காது.

என் பெயர் சொரிமுத்து. ஊருக்குள் அப்படிக் கேட்டால் தெரியாது. ‘பரிகார மீனா?’ என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நான் இந்த ஊர்க்காரன் இல்லை. விளாத்திகுளம் பக்கம் கரிசக்காடு. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் லாரி, மீன் என்றால் கருவாடு. கருவாடு நீந்தும் என்று கல்யாணத்துக்கு அப்புறம்தான் நேரில் பார்த்தேன். உலகம்மையைக் கட்டிக்கொண்டு இங்கே வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தேன். வீட்டோடு மாப்பிள்ளைக்கு என்ன மரியாதையோ அந்த மரியாதை. நாய்க்குச் சோறு வைத்த பிறகு, பூனைக்கு முந்தி.

உலகு வீட்டுக்கு இந்தத் துறையின் காவல் உரிமை. மேலே அந்த அரசமரம், கீழே அந்த வழுக்குப் பாறை, இரண்டுக்கும் நடுவில் தூண்டில், வலை, வெடி எதுவும் விழக் கூடாது. என் மாமனார் இருந்தவரை அவர் பார்த்தார், அவருக்குப் பிறகு இவள். சம்பளம் கிடையாது. பொரிக்கடை போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். கெண்டை அப்படிக் கிடந்தது அண்ணாச்சி. சிவந்த வாலோடு கை நீளம், முழ நீளம். பொரியைத் தூவினால் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கும். பிள்ளைகள் காலை விட்டுக்கொண்டு கெக்கெக்கே என்று சிரிக்கும்.

அந்தச் சிரிப்பில்தான் கதையே இருக்கிறது. இங்கே ஒரு வழக்கம். ஊர்ப்பெண் யாரானாலும், எந்தத் தெருவானாலும், ஏழாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இந்த மூன்றாம் படியில் வந்து உட்காருவாள். வெறும் சோற்றை ஒரு பிடி எடுத்துத் தண்ணீருக்குள் கையை விடுவாள். கெண்டைக்குப் பல் கிடையாது, வெறும் உதடு. விரலிடுக்கில் குறுகுறு என்று கொத்தும். எப்பேர்ப்பட்ட உம்மணாமூஞ்சியும் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்புக்குத்தான் மேலே அத்தனை பொம்பளைகளும் காத்து நிற்பார்கள். தாயின் கூச்சச் சிரிப்பைக் கேட்ட பிள்ளை தலை திரும்பி நேராக வரும் என்று பேச்சு. உண்மையா பொய்யா என்று என்னைக் கேட்காதீர்கள். சிரித்தது உண்மை.

இப்போது நான் வருகிறேன், கதைக்குள். எல்லாம் நான் வந்ததில் வந்த வினைதான்.

பக்கத்து டவுனில் ஒரு ஜோசியர். வைத்தா ஜோசியர் என்று பெயர். எந்தக் கட்டத்தில் எந்தக் கிரகம் இருந்தாலும் அவர் சொல்கிற பரிகாரம் ஒன்றுதான்: ஓடுகிற ஆற்றில் உயிர் மீன் விட வேண்டும். ஜனங்கள் இந்தத் துறைக்கு வந்து நின்று, ‘மீன் எங்கே கிடைக்கும்?’ என்று என் பொரிக்கடையில் கேட்டார்கள். ஆற்றில் விடுவதற்கு ஆற்றிலேயே பிடிக்க முடியாது, காவல். நான் மேலக்குளத்தில் போய்ச் சின்னக் கெண்டைக்குஞ்சு வாங்கி வந்து பாலிதீன் பையில் போட்டு விற்றேன். படியில் இறங்குவதற்குள் பாதி மல்லாந்துவிடும். பரிகாரத்துக்கு வந்தவன் கையில் மீன் செத்தால் விடுவானா? கடையத்துக்காரர் ஒருத்தர் என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

“எல, ஏற்கெனவே எனக்கு அஷ்டமத்துச் சனி. நீ செத்த மீனைக் குடுத்து என் சோலிய முடிக்கப் பாக்கியா?”

அன்றைக்கு முடிவு செய்தேன். சாகாத மீன் வேண்டும். அமிர்தத்தைத் தேடிப் போனவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் சாகாத மீனைத் தேடி டி.வி.எஸ். பிஃப்டியில் போனேன்.

கிடைத்தது. செங்கல் சூளைக்குப் பின்னால் மண்ணெடுத்த குழியில் ஜெபமணி என்று ஒருத்தர் வளர்த்துக்கொண்டிருந்தார். சர்க்கார் கூடாது என்ற மீன். அதனால்தான் சூளைக்குப் பின்னால். கோழிக்கடைக் கழிவைக் கூடையோடு கொட்டினார், குழி அப்படியே எழும்பி வந்து தின்றது. கறுப்பாக, மீசையோடு. ஆப்பிரிக்கக் கெளுத்தி.

“சாகாதா?” என்று கேட்டேன்.

“சாகச் சொன்னாலும் சாகாதுடே” என்றார் பெருமையாக.

ஒரு குஞ்சை ஈரச் சாக்கில் சுற்றி வண்டிப் பெட்டியில் போட்டேன். போட்டதை மறந்துவிட்டேன். மறுநாள் மத்தியானம் ஸ்பானர் எடுக்கப் பெட்டியைத் திறந்தால், உள்ளே இருந்து மீசையை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன் அண்ணாச்சி. இதை உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

‘சஞ்சீவி மீன்’ என்று பேர் வைத்தேன். ஜோசியரும் சொல்ல ஆரம்பித்தார், கெண்டை வேண்டாம், சஞ்சீவிதான் நல்லது என்று. சங்கரன்கோவில், சாத்தூர், அருப்புக்கோட்டையிலிருந்தெல்லாம் வேன் போட்டு வந்தார்கள். ஆளுக்கு ஒன்பது, பதினொன்று. நான் ஒன்றைக்கூட ஆற்றில் விடவில்லை, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். விற்றேன். விட்டது அவர்கள்.

உலகு ஒரு வாளியை எட்டிப் பார்த்தாள். “மீசை வச்சதெல்லாம் நம்ம துறைக்கு எதுக்கு?” என்றாள்.

“மீசை சரியா முளைக்காத என்னையே சேத்துக்கிட்டிய, இதுக்கு என்ன?” என்றேன்.

சிரித்துவிட்டாள். அந்தக் காலத்தில் நான் எது சொன்னாலும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் அவளுடைய கேள்வியும் போய்விட்டது. நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி நாலு வருஷம். இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. உலகு வெளியில் காட்ட மாட்டாள். ஆனால் ஊர்ப்பெண் எவளாவது மூன்றாம் படியில் வந்து உட்கார்ந்தால், இவள் பொரிக்கடையைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவாள். காவல்காரி அங்கே நிற்க வேண்டும், அதுதான் முறை. இவள் நிற்க மாட்டாள். மேலே குலவை கேட்கும்போது உள்ளே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்கும்.

ஒருநாள் ஜோசியரிடம் நானும் கட்டத்தை நீட்டினேன். அவர் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் போனேன். ஐப்பசியில், இருக்கிறதிலேயே பெரிதாகப் பொறுக்கி இருபத்தொன்று, இந்தப் படியில் நின்று என் கையாலேயே விட்டேன்.

ஆமாம். ஒன்றுகூட விடவில்லை என்று சொன்னேன். அது வியாபாரக் கணக்கில். இது குடும்பம்.

அடுத்த மாதமே நின்றுவிட்டது. இந்தத் தடவை தங்கவும் செய்தது. தென்காசி டாக்டரம்மா மாத்திரையும் கொடுத்தார்கள், ஊசியும் போட்டார்கள், அது ஒரு பக்கம். பரிகாரம் பலிக்கவில்லை என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

தை, மாசி வரைக்கும் நான்தான் ராஜா. பங்குனியில் ஆறு வற்றியது. வற்றினால் இந்தத் துறை மட்டும் மடுவாக நிற்கும். மேலேயும் கீழேயும் இருக்கிற கெண்டை எல்லாம் கோடைக்கு இங்கேதான் வந்து ஒதுங்கும், மழை வந்ததும் பிரிந்து போகும். வருஷா வருஷம் அப்படி. அந்த வருஷமும் வந்து ஒதுங்கியது. ஒரு கதவு போட்ட வீட்டுக்குள் ஆட்டையும் ஓநாயையும் சேர்த்து அடைத்த மாதிரி. ஓநாயை அடைத்தவன் வாசலில் உட்கார்ந்து பொரி விற்றுக்கொண்டிருந்தான்.

பொரிக்கு மேலே வருகிற கெண்டைக் கூட்டம் குறைந்தது. ‘வெயில்’ என்றேன். இன்னும் குறைந்தது. ‘பரிகாரத்துக்கு வருகிறவன் துணியை எல்லாம் அவிழ்த்து ஆற்றில் விட்டால் மீன் எப்படி நிற்கும்?’ என்றேன். துணியும் கிடந்தது, இல்லை என்று சொல்லவில்லை. சோப்பு, ஷாம்பு, மணல் அள்ளுகிறவன், எல்லாரையும் சொன்னேன். அப்புறம் அந்த மருதமரத்தில் இருந்த நீர்க்காகங்கள் மேல் என் கண் விழுந்தது. கறுப்பாக இருந்தது, மீன் தின்றது, பாய்ந்துபோய் வழக்கை முடித்துவிட்டேன். எண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை அடித்தேன். பத்தே நாள், ஒன்று இல்லாமல் போய்விட்டன. அந்தச் சத்தத்தில் மீன்கொத்தியும் போயிற்று. முக்குளிப்பான் என்று ஒரு குட்டி வாத்து மாதிரி, அது குஞ்சை முதுகில் வைத்துக்கொண்டு திரியும். அது டின்னுக்குப் போகவில்லை. ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசிக் குஞ்சு ‘ளுபுக்’ என்று உள்ளே போனது. முங்குகிறது என்று நினைத்தேன். எழும்பவில்லை.

தவளைச் சத்தம் நின்று எத்தனை நாள் ஆகிறது என்று உலகுதான் கேட்டாள். நான், ‘நிம்மதியாத் தூங்கு’ என்றேன்.

சித்திரையில் அவளுக்கு ஏழாம் மாதம். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு மாதம் முன்னாலேயே அரிசியைப் புடைத்துத் தனியாகக் கட்டி வைத்துவிட்டாள், வெள்ளிக்கிழமைச் சோற்றுக்கு. அந்த முடிச்சு இருக்கிற மூலைக்கே நான் போகவில்லை. ஆற்றில் கெண்டை இல்லை. எனக்குத் தெரியும். மூன்று நாளாக நான் சோறு போட்டுப் பார்த்துவிட்டேன்.

சரி, கொண்டுவந்து வைப்போம் என்று வியாழக்கிழமை மேல அணைக்கட்டுக்குப் போய் இரண்டு குடம் நிறையக் கெண்டை வாங்கி வந்தேன். ஓடவிட்டால் ஓடிவிடுமே என்று வீட்டுக் கொசுவலையை மடித்துத் தைத்து, மூன்றாம் படிக்குக் கீழே கட்டி, அதற்குள் விட்டேன். விடிந்ததும் போய்ப் பார்க்கிறேன், வலையில் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே ஒன்றே ஒன்று கிடந்தது. வயிறு முட்ட, மீசையை ஆட்டிக்கொண்டு, நகர மாட்டாமல். அந்தக் கொசுவலைக்குள் ஒரு கொசு வந்தது கிடையாது அண்ணாச்சி.

அதற்குள் மேலே பொம்பளைகள் வந்துவிட்டார்கள். பேச்சு, வளையல் சத்தம். உலகு மஞ்சள் சேலையில் படி இறங்குகிறாள். நான் என்ன செய்வேன்? அந்த வழுக்குப் பாறை மூன்றாம் படியை ஒட்டி வருகிறது பாருங்கள், அதற்குப் பின்னால் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் குத்தவைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கிவிட்டேன். நீச்சல் தெரியாது. எங்கள் ஊரில் முங்குவதென்றால் குடத்துக்குள் தலையை விட வேண்டும். ஆற்றில் மீன் இல்லை, சரி, நானே மீன்.

அவள் கை தண்ணீருக்குள் வந்தது. சோறு கரைகிறது. நான் ஒரு கையை நீட்டி, விரல் நுனியைக் குவித்து, கெண்டை வாய் மாதிரி, அவள் உள்ளங்கையில் மெல்லக் குறுகுறு என்று கொத்தினேன். சிரி தாயே, சிரி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கொத்தினேன்.

அந்தக் கை ஒரு நொடி அசையாமல் நின்றது. அப்புறம் என் விரல்களைக் கப்பென்று பிடித்துக்கொண்டது.

நாலு வருஷம் பிடித்த கை, தெரியாமல் போகுமா? நான் இழுத்தேன், விடவில்லை. மூச்சு முட்டுகிறது. தொடையில் எதுவோ வழுவழு என்று உரசிக்கொண்டு போகிறது, அது யார் என்று எனக்குத் தெரியும், நான் வாங்கி விட்டதுதான். கத்தவும் முடியாது. சாகாத மீனை விற்றவன் சாகப் போகிறான் என்று நினைத்தேன். அப்போதுதான் மேலே தண்ணீருக்கு வெளியே அவள் குரல் கேட்டது.

“வந்துட்டுக்கா, வந்துட்டு. ரெண்டு மூணு வந்து கொத்துது.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். குலவை கேட்டது. கையை விட்டாள். நான் பாறைக்குப் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு எழுந்தேன். பார்த்தேன். வாய்தான் சிரித்துக்கொண்டிருந்தது அண்ணாச்சி. அத்தனை பொம்பளைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று ஊருக்காகச் சிரித்த சிரிப்பு. ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது, பிள்ளையின் காதைப் பொத்துகிற மாதிரி.

மூன்றாம் நாள் சோறு வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அந்த மீசைல நீங்க எத்தனை விட்டிய?”

வியாபாரக் கணக்கு, குடும்பக் கணக்கு என்று பிரித்துச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். “இருபத்தொண்ணு. உனக்காகத்தான்” என்றேன்.

“எனக்காக” என்றாள். குழம்புச் சட்டியை நகர்த்தி வைத்தாள். “சரி. அடுத்து எவளாவது அந்தப் படியில வந்து உக்காருவால்லா? அவளுக்கும் நீங்கதான் முங்குவியளா?”

நான் அதற்கு என்ன சொன்னேன் தெரியுமா? ‘மூச்சுப் பிடிக்கப் பழகிக்கிடுதேன் உலகு’ என்றேன். நிஜமாகவே சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை மட்டும் நீங்கள் போட்டோ எடுத்திருக்க வேண்டும்.

ஆடியில் பெண் பிள்ளை பிறந்தது. நல்லபடியாக. தலை நேரே வந்தது, அழுதுகொண்டே வந்தது, எல்லாப் பிள்ளையும் மாதிரி. பேறுகாலத் தீட்டு கழிந்ததும் உலகு பிள்ளையை மார்போடு சேலையில் கட்டிக்கொண்டு, ஜெபமணி கொடுத்த கோழிக்குடலைத் தூண்டிலில் குத்தி, இந்தப் படிக்கு வந்தாள். ஊர் திரண்டுவிட்டது. காவல் வீட்டிலிருந்தே தூண்டில் விழுகிறது என்றால் சும்மா இருப்பார்களா? நாட்டாமை செம்புலிங்கம் முன்னால் வந்தார்.

“ஏட்டி உலகு, துறை மீனத் தொட்டா வம்சம் வெளங்காது. ஒங்க அய்யா இருந்தா இத செய்வியா?”

“எங்கய்யா காத்த மீனை ஒண்ணு காட்டுங்க சித்தப்பா. ஒரே ஒண்ணு. காட்டுனா இந்தத் தூண்டிலை ஒடிச்சுப் போட்டுட்டு மன்னிப்புக் கேக்கேன்.”

அவர் தண்ணீரைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். அதற்குள் தூண்டில் வளைந்தது. வெளியே இழுத்துப் போட்டாள், முழங்கை கனம். படியில் கிடந்து என்னைப் பார்த்தது.

“நீங்க கொல்லுங்க” என்றாள் என்னிடம்.

அரை நாள் வெளியே கிடந்தாலும் வாயைத் திறந்து மூடும், மழை விழுந்தால் ஊர்ந்தே தண்ணீருக்குப் போய்விடும். எதையெல்லாம் சொல்லி நான் விற்றேனோ அதையெல்லாம் அது எனக்குச் செய்து காட்டியது. கல்லை எடுத்தேன். எத்தனை அடி என்று சொல்ல மாட்டேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து இது என் உத்தியோகம். காலையிலும் சாயங்காலமும். இன்றைக்கு மூன்று, அந்தக் கூடைக்குள் இருக்கிறது, மூடியைத் திறக்காதீர்கள், குதிக்கும். அது முடிகிற காரியமா என்று உங்கள் முகம் கேட்கிறது. ஒரு சினை மீன் எத்தனை ஆயிரம் போடும் என்று மீன் காலேஜிலிருந்து வந்த ஒரு பையன் சொன்னான். நான் காதைப் பொத்திக்கொண்டேன். பரிகாரத்துக்கு இன்னமும் வாளியோடு வருகிறார்கள். தடுத்தால், ‘நீ வித்தப்போ புண்ணியம், நாங்க கொண்டாந்தா பாவமா?’ என்கிறார்கள். வாளியை மட்டும் பிடித்துக்கொள்வேன். இரண்டு அடி வாங்கியிருக்கிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை பூரணத்துக்கு ஏழாம் மாதம். நடுத்தெருப் பெண். அவள் புருஷன் கணேசமூர்த்தி முந்தாநாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான்.

“அண்ணே, எத்தனை நிமிஷம் மூச்சுப் பிடிக்கணும்?”

“என்னது?”

“இல்லண்ணே, அக்காவுக்கு நீங்க முங்குனது எல்லாருக்கும் தெரியும். பாறைக்குப் பின்னால ஒங்க முதுகு தெரிஞ்சுது. பொம்பளைகதான் ஒங்ககிட்டச் சொல்லாம இருந்தாவ.”

பாருங்கள். ஊர் பூராவும் தெரிந்து, எனக்காக ஒரு வருஷம் தெரியாத மாதிரி இருந்திருக்கிறது.

முங்காதே என்று சொல்லிவிட்டேன். பூரணத்தை வரச் சொல்லு, மூன்றாம் படியில் உட்காரட்டும், கையைத் தண்ணீரில் வைக்க வேண்டாம், நான் இங்கே நின்று ஒரு கதை சொல்லுகிறேன் என்றேன். மீனுக்குப் பதிலாக. முதலிலிருந்து கடைசி வரை, பெட்டிக்குள் இருந்த மீனைக் கும்பிட்டது, டின் அடித்தது, கொசுவலை, எல்லாம். கெண்டை செய்கிற வேலையை நான் கெடுத்தேன், அந்த வேலையை நான்தானே பார்க்க வேண்டும்?

உங்களிடம் சொன்னது அதற்கான ஒத்திகைதான் அண்ணாச்சி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தா, பஸ் திருப்பத்தில் வந்துவிட்டது. ஹாரன் கேட்கிறதா? எழுந்திருங்கள், பார்த்து, அந்தப் படி வழுக்கும். நடுவில் ஒரு இடத்தில் நீங்கள் சிரித்தீர்கள், நான் தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எந்த இடம் என்று கவனிக்கவில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். பூரணத்துக்கு வெள்ளிக்கிழமைதான். இன்றைக்குச் சாயங்காலமே அந்த இடத்தை ஒரு தடவை உலகிடம் சொல்லிப் பார்க்கிறேன்.